வீண் அலைச்சலா? மெய்க் கல்வியா?

கல்வி என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று என மேடைதோறும் முழங்குகிறோம். ஆயின், இளைஞன் ஒருவன் அச்சுவர்களைக் கடந்து உண்மையாகவே வெளியே சென்றுவிட்டால், 'எதற்கு இந்த வேண்டாத வேலை?' என்று முதலில் கேட்பவர்களும் நாமே. இந்த முரண்பாட்டைச் சற்றே அமர்ந்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது.

நம் துறையில் பயின்று, இப்பொழுது ஸ்காட்லாந்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். பிரித்தானியப் பெருநிலத்தின் வடகடற்கரையை ஒரு ஜூன் மாதத்தில் மிதிவண்டியில் தன்னந்தனியராக ஆறு நாள்களில் கடந்த செய்தியை மாணவரிடையே எடுத்துரைத்தார். கூட்டத்தின் முடிவில் சமுதாயப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஆறு நாள் தனியாக அலைந்ததில் யாருக்கு என்ன பயன்? வழியில் ஒன்று ஆகியிருந்தால் உங்கள் உம்மாவுக்கு யார் பதில் சொல்வது?" என்று வினவினார். அவ்வினாவில் பகை இல்லை; பரிவே இருந்தது. மாணவரும் பெரியவரை மதித்து, மறுமொழி கூறாது புன்னகைத்து அமர்ந்துவிட்டார். அவர் கூறாது விட்ட விடையை நாம் இங்கே எழுத முற்படுகிறோம். பெரியவரின் கேள்வி முழுவதும் தவறானதன்று என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

நிலமும் வழியும்

அவர் சென்ற வழி ஜான் ஓ கிரோட்ஸ் என்னும் சிற்றூரில் தொடங்கி, மேற்கே கேப் ராத் முனையில் முடிவது. பிரித்தானியப் பெருநிலத்தின் வடகோடி ஜான் ஓ கிரோட்ஸ் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கு மேற்கேயுள்ள டன்னட் முனையே வடகோடி. அங்குள்ள கலங்கரை விளக்கத்தை 1831ஆம் ஆண்டில் எழுப்பியவர் ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சனுக்கு அவர் பாட்டனார். கடைகளும் பெயர்ப்பலகைகளும் ஓரிடத்தில் நிற்க, உண்மையான முனை வேறோரிடத்தில் நிற்கிறது. நம் மாணவர் கற்ற முதற்பாடம் இதுவே.

முதல் இரண்டு நாள் கெய்த்னஸ் நாட்டின் சமவெளி. வேலிகளாகக் கற்பலகைகளையே நட்டிருக்கும் வயல்கள்; ஒதுங்க ஒரு மரமும் இல்லாத வெட்டவெளி. ஜூன் மாதத்தில் அங்கே பகல் 18 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், இன்னும் சற்று தூரம் செல்லலாம் என்னும் ஆசை உடலின் களைப்பை மறைத்துவிடும் என்றார் அவர். அப்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது. அறிந்தோர் மேற்கில் தொடங்கிக் கிழக்கே செல்வர். இவரோ அறியாது கிழக்கில் தொடங்கினார். எனவே ஆறு நாளும் எதிர்க்காற்று. நிலநூலில் ஒரு வரியாகப் படித்திருந்தால் மறந்திருக்கக்கூடிய செய்தியை அவர் கால்கள் இனி மறக்கமாட்டா.

தர்சோ நகரைக் கடந்ததும் கடலோரத்தில் டூன்ரே அணு உலை நிலையம் தோன்றுகிறது. 1959ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய வேக உலை 1977ஆம் ஆண்டிலும், அடுத்து வந்த முன்மாதிரி உலை 1994ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. அன்றுமுதல் அங்கு நடைபெறுவது மின்னாக்கமன்று, கழிவகற்றலும் கலைத்தலுமே. சில பத்தாண்டுகள் இயங்கிய ஒன்றைக் கலைப்பதற்கு, இயங்கிய காலத்தினும் மிகுதியான காலம் வேண்டியிருக்கிறது. அதன் வேலியோரமாக எதிர்க்காற்றில் மெல்ல மிதித்துச் செல்பவனுக்கு இதை எண்ணிப் பார்க்கப் போதிய நேரம் கிடைக்கிறது.

அதன்பின் சதர்லாந்து தொடங்குகிறது. இப்பெயரின் பொருள் 'தென்னாடு'. பிரித்தானியாவின் வடகோடிக்கு அருகிலுள்ள நாட்டுக்குத் தென்னாடு என்று பெயரா என வியப்புத் தோன்றலாம். பெயரிட்டவர்கள் ஆர்க்னித் தீவுகளில் ஆட்சி புரிந்த நார்ஸ் மக்கள். அவர்களுக்கு அது தெற்கே இருந்தது. திசைப்பெயர் என்பது சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? டங் என்னும் ஊர்ப்பெயரும் நாவைக் குறிக்கும் நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததே. நாக்குப்போல் நீண்ட நிலம் என்பது கருத்து. மொழித்துறை மாணவருக்கு அங்குள்ள ஊர்ப்பலகை ஒவ்வொன்றும் ஒரு பாட ஏடு.

அடித்துவிட்ட ஒரு வரி

இனி, இக்கட்டுரையை நாம் எழுதுவதற்கே காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

இரண்டாம் நாள் மாலை பெட்டிஹில் என்னும் ஊரை அடைந்த மாணவர், மேட்டின்மேல் நின்று நேவர் ஆறு கடலோடு கலக்கும் காட்சியைக் கண்டார். வெண்மணல், நீலக்கடல், உள்ளே நீண்டு செல்லும் பசும்பள்ளத்தாக்கு. அதில் ஆடுகளேயன்றி ஆளரவம் இல்லை. தம் நாட்குறிப்பில், 'மனிதன் கைபடாத அழகு' என்று எழுதிக்கொண்டார். மறுநாள் காலை மழை. ஒதுங்குவதற்காக அவர் நுழைந்த இடம், பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்திருக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகம். ஒதுங்கியவர் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்பள்ளத்தாக்கு மனிதன் கைபடாததன்று, மனிதர் அகற்றப்பட்டது. அங்கே கேலிக் மொழி பேசிய குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்கள் அமைத்துக் கால்நடை வளர்த்துப் பயிர் செய்து வாழ்ந்தனர். நிலம் சதர்லாந்துச் சீமாட்டியின் பண்ணைக்குரியது. குடிகளின் வாரத்தைவிடச் செவியட் இன ஆடுகளை வளர்ப்போர் தரும் குத்தகை மிகுதி எனக் கணக்கிட்ட பண்ணையார், 1814, 1819 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொகையாக மக்களை வெளியேற்றினர். மீண்டும் குடியேற முடியாதபடி கூரைகள் இடிக்கப்பட்டன, தீயிடப்பட்டன. 1814ஆம் ஆண்டு வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் என்பவர் பண்ணையின் அலுவலர். அந்நிலத்தின் புதிய குத்தகைதாரரும் அவரே. 1816ஆம் ஆண்டில் இன்வர்னஸ் நகரில் அவர்மீது வழக்கு நடந்தது; அவர் விடுவிக்கப்பட்டார். வெளியேற்றப்பட்டோர்க்குக் காற்றும் உப்பும் அறையும் கடலோரத்தில் சிறு துண்டு நிலங்கள் தரப்பட்டன. உழவர் மீன்பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பலர் கடல் கடந்து கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். பெட்டிஹில் என்னும் பெயரே அச்சீமாட்டியாகிய எலிசபெத்தின் செல்லப்பெயரால் அமைந்ததென்பர். குடிபெயர்க்கப்பட்டவர்களின் ஊருக்குக் குடிபெயர்த்தவரின் பெயர்!

நம் மாணவர் அன்று மேற்கே செல்லவில்லை. மழை ஓய்ந்ததும் வண்டியைத் தெற்கே திருப்பி, பள்ளத்தாக்கினுள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்று, ரோசல் என்னும் அழிந்த ஊரைக் கண்டார். அங்கே புல்மூடிய கற்சுவர் அடிகளும், பழைய உழவுச் சால்களின் தடமும் இன்றும் உள. அங்கே அமர்ந்து முதல்நாள் எழுதிய வரியை அடித்துவிட்டார். அடித்த அவ்வரியை நமக்குக் காட்டவும் செய்தார்.

பெரியவர் கேட்ட 'பயன் என்ன?' என்னும் கேள்விக்கு எமது முதல் விடை அந்த அடித்த வரியே. தான் எழுதியது பிழை எனக் கண்டு தானே திருத்திக்கொள்வதைவிடக் கல்விக்கு வேறு பயன் உண்டோ? ஒன்றைக் கண்டவுடன் முடிவு செய்தல் எளிது. திரும்பிச் சென்று மீண்டும் காண்பதே அறிவு.

ஏன் மிதிவண்டி? ஏன் தனிமை?

'இதை மகிழுந்தில் சென்றும் காணலாமே, நான்கு பேராகச் சென்றும் காணலாமே' என்பர் சிலர். காணலாம், ஆயின் காண்பரோ என்பதே ஐயம்.

2015ஆம் ஆண்டில் இவ்வடகரைச் சாலை, 516 மைல் நீளமுள்ள சுற்றுலா வட்டம் ஒன்றன் பகுதியாக 'வடகரை 500' என்னும் பெயரில் விளம்பரப்படுத்தப்பட்டது. அதனால் விடுதிகளும் கடைகளும் வளம் பெற்றன என்பது மெய். ஆனால் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உடைய நீண்ட பகுதிகள் அச்சாலையில் உண்டு. எதிர்வருவோர்க்கு வழிவிட ஆங்காங்கே ஒதுங்கிடங்கள் அமைத்துள்ளனர். அச்சாலையில் வீடுபோன்ற பெருவண்டிகள் வரிசையாக ஊர்வதையும், ஒதுங்கிடங்களிலேயே இரவு தங்கிக் குப்பையை விட்டுச் செல்வதையும் ஊரார் பலகாலும் முறையிட்டு வருகின்றனர். 500 மைல் சுற்றை இத்தனை நாளில் முடித்தோம் என்பதே பலர்க்குப் பெருமையாகிவிட்டது. ஒருகாலத்தில் ஆட்டுக்கு இடம் வேண்டி வெறுமையாக்கப்பட்ட நிலம், இன்று படம் எடுப்போர்க்கு ஏற்ற வெறுமையாக விற்கப்படுகிறது. வரலாறு அறியாத பயணி, தான் அறியாமலே அந்தப் பழைய அநீதியை அழகென்று பாராட்டிச் செல்கிறான்.

மிதிவண்டிக்காரனும் குற்றமற்றவனல்லன். அவனும் பின்வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடக் கடமைப்பட்டவன். அவ்வூர்க்காரருக்கு அது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் சாலை. ஆயினும் அவனிடம் ஒரு நற்பேறு உண்டு. அவனால் விரைய இயலாது. மேடுகளில் இறங்கித் தள்ளியாக வேண்டும். தள்ளும்பொழுது ஓரத்துக் கல்லையும் காணவேண்டும். எதிரே வரும் கிழவரிடம் வணக்கமும் கூறவேண்டும். வண்டிச் சக்கரத்திற்குக் காற்றடைத்த பட்டையை முதலில் 1845ஆம் ஆண்டில் உரிமம் பெற்று அமைத்த தாம்சனும், 1888ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கென மீண்டும் அமைத்துப் புகழ் பெற்ற டன்லப்பும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களே. அவர்கள் மனிதனுக்குத் தந்தது வேகத்தை மட்டுமன்று, வயிற்றுக்குணவன்றி வேறு எரிபொருள் வேண்டாத ஓர் ஊர்தியையும் எனலாம்.

தனிமையோ அதனினும் சிறந்த ஆசான். நால்வராகச் செல்வோர் தமக்குள் பேசிக்கொள்வர். தனியே செல்பவனிடமே ஊரார் பேசுவர். எரிபோல் கடற்கழியைச் சுற்றிச் செல்லும் நாளில் குளிர்மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்து நம் மாணவரை வாட்டின. விரல்கள் மரத்து, தடையை அழுத்தவும் இயலாத நிலையில் அவர் சாலையோரம் நின்றிருந்தார். ஆடு மேய்க்கும் குடும்பத்தார் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, அடுப்பருகே அமர்த்தி, தேநீரும் ரொட்டியும் தந்தனர். 1945ஆம் ஆண்டு மே மாதம், போர் முடிந்ததும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரணடைய வந்தது இக்கழிக்கே என்பதை அவ்வீட்டு முதியவர் சன்னல் வழியே சுட்டிக்காட்டினார். கூட்டமாகச் சென்றிருந்தால் அந்த அடுப்பும் இல்லை. அந்தக் கதையும் இல்லை.

எழுதாக் கவிஞரும் தேயும் மொழியும்

டர்னஸ் ஊருக்கு அருகில் பால்னகீல் என்னும் இடத்தில், கடலை நோக்கிய பழைய கல்லறைத் தோட்டத்தில் ராப் டோன் என்னும் கேலிக் கவிஞர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1714ஆம் ஆண்டில் பிறந்து 1778ஆம் ஆண்டில் மறைந்த இவர் எழுதப் படிக்க அறியாதவர், மாடு மேய்த்தவர். பாடல்களை நெஞ்சிலேயே கட்டினார். கேட்டோர் நெஞ்சிலேயே காத்தனர். அவை நூலாகத் தொகுக்கப்பெற்றதும், கல்லறையருகே நினைவுத்தூண் எழுந்ததும் 1829ஆம் ஆண்டில். அவர் மறைந்து அரை நூற்றாண்டு வரை மக்கள் நாவே அவருக்கு ஏடாக இருந்தது. வாய்மொழி இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் நம் மாணவர், அத்தூணருகே நெடுநேரம் நின்றதில் வியப்பில்லை.

ஆனால் அந்நாவைக் காத்த ஊர்கள் கலைக்கப்பட்டபொழுது மொழியும் தேய்ந்தது. சதர்லாந்தின் கிழக்குக் கரையில், வெளியேற்றப்பட்டு மீனவராக்கப்பட்டோர் வழிவந்தோரிடையே, அமெரிக்க மொழியியலாளர் நான்சி டோரியன் 1963ஆம் ஆண்டு முதல் ஆய்வு செய்தார். புரோரா, கோல்ஸ்பி, எம்போ ஆகிய மூன்று ஊர்களில் எஞ்சியிருந்த கேலிக் பேச்சு எவ்வாறு மறைகிறது என்பதை விளக்கி, 1981ஆம் ஆண்டில் 'மொழிச் சாவு' என்று பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். முதியோர் முழுமையாகப் பேசுவர், நடுவயதினர் தட்டுத்தடுமாறிப் பேசுவர், இளையோர் பேசார். ஒரு மொழி இறப்பது ஒரே நாளில் அன்று. மூன்று தலைமுறைகளில் ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையிலும்.

மீட்சிக்கான முயற்சியும் இல்லாமலில்லை. 1886ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர்க்கு நிலத்தில் நிலைத்த உரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் கேலிக் மொழி வளர்ச்சிக்கு வழி செய்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அலுவல் தகுதியும் வழங்கிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,30,000 பேர் அம்மொழியைச் சிறிதேனும் அறிந்தவர்கள். எனினும் சட்டம் பலகையில் மொழியை எழுதலாம். நாவில் அதனை எழுத வல்லவர் தாய்மாரும் தந்தையருமே.

பெரியவரின் கேள்விக்கு மறுபாதி விடை

பயன் பற்றிக் கூறினோம். இடர் பற்றியும் கூறவேண்டும். இதில் பெரியவர் பக்கமே நாம் நிற்கிறோம்.

எரிபோல் கழியருகே நடுங்கி நின்ற நாளில், தாம் எவ்வழியே செல்கிறோம், எங்கே தங்குவோம் என்பதை எவர்க்கும் அறிவிக்கவில்லை என்று மாணவரே ஒப்புக்கொண்டார். கைப்பேசியில் தொடர்பும் கிட்டவில்லை. இது வீரமன்று, பொறுப்பின்மை. வீட்டார்க்கு நாள்தோறும் வழியையும் தங்குமிடத்தையும் தெரிவிக்காத பயணத்தை நாம் ஆதரிக்கமாட்டோம். மாற்றுக் குழாயும், ஒட்டுப்போடும் கருவியும், மழையுடையும், ஒருநாள் உணவும் இன்றிச் செல்வதையும் ஆதரிக்கமாட்டோம். தன் தனிமைக்கு விலையாகத் தாயின் உறக்கத்தைக் கொடுக்க எவனுக்கும் உரிமை இல்லை.

கடமையை நீக்கிவிட்டுச் செல்வதும் பயணமாகாது. அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்பி என்னும் அம்மையாருக்குப் பத்தாம் பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியும் ஒரு நிலப்பட நூலும் பரிசாகக் கிடைத்தன. இந்தியாவுக்கு மிதிவண்டியிலேயே செல்வேன் என அன்றே உறுதி கொண்டார். ஆயினும் நோயுற்ற தாயாரைப் பேணும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. தாயார் 1962ஆம் ஆண்டில் மறைந்த பின்னரே, 1963ஆம் ஆண்டு சனவரியில், கடும்பனியில் புறப்பட்டுத் தனியராகவே தில்லி வரை வந்தார். 1965ஆம் ஆண்டில் அதை நூலாகவும் எழுதினார். ஆசையை இருபதாண்டு காத்தவர் அவர், கைவிட்டவரல்லர். கடமைக்கும் கனவுக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்போர் அவர் வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும். தனிப்பயணம் ஆடவர்க்கே உரியது என்போரும் எண்ணிப் பார்க்கட்டும்.

தனித்துப் புறப்படுதல் மேலைநாட்டார் வழக்கம் என்று ஒதுக்குவதும் பொருந்தாது. இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில் தம் 21ஆம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்டது தனியராகவே. அவர் வழியில் மதுரை மண்ணையும் மிதித்தார். அவர் கண்டதனால் மட்டுமன்று, கண்டதைச் சொல்லி எழுதுவித்ததனால் உலகம் பயன்பெற்றது.

முடிவாக

எனவே எமது கருத்து இதுவே: தனிவழி செல்லுதல் தன்னளவில் சிறப்புமன்று, வீணுமன்று. எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணி வருபவன் அலைந்தவன். தன் நாட்குறிப்பில் ஒரு வரியையேனும் அடித்துத் திருத்தி வருபவன் கற்றவன். பெற்றோர் தடையை மட்டுமே கூறாது, நிபந்தனை கூறி விடைகொடுக்க வேண்டும். ஆசிரியர், மாணவர் சென்று வந்த இடங்களின் படங்களைவிட அவர்கள் எழுதிய குறிப்பைக் கேட்டுப் படிக்க வேண்டும். மாணவர் வடகடல் வரை செல்லவேண்டுவதில்லை. தத்தம் ஊர்ப் புறத்திலேயே ஆள் இல்லாத நிலமொன்றைக் கண்டு, 'இங்கே இருந்தவர் யார்? அவர் ஏன் இல்லை?' என்று விசாரிக்கத் தொடங்கலாம்.

ஆறாம் நாள் நம் மாணவர் சிறு படகில் கழியைக் கடந்து, கரடுமுரடான பாதையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மிதித்து, கேப் ராத் முனையின் கலங்கரை விளக்கத்தை அடைந்தார். ஆங்கிலம் அறிந்தோர் அப்பெயரைக் 'கோபமுனை' என்று பொருள்கொள்வர். அது தவறு. 'திரும்புமிடம்' என்னும் பொருளுடைய நார்ஸ் சொல்லே அவ்வாறு திரிந்தது. அங்கே வந்துதான் பண்டைக் கடலோடிகள் கலத்தைத் திருப்பினர். நம் மாணவரும் அங்கேயே திரும்பினார். வீட்டுக்கு வந்து, பெரியவர்முன் நின்று, கண்டதைக் கூறினார். பயணத்தின் பயன் யாதென்ற கேள்வி எழுந்ததும் நன்றே. கேட்கப் பெரியோர் இருக்கும் ஊருக்குத் திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் எண்ணமே, தனித்துச் செல்லும் இளைஞனுக்கு உற்ற துணை என்பது எமது துணிபு.